டெலிபோன் அம்மா எழுதிய பக்கம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படி விட்டவன் என்னென்ன செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிட்டு அந்த அம்மாவிடம் வருகிறேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இரண்டு குடோன் சுவர்களுக்கு நடுவே ஓர் ஆட்டோ நுழையும் அகலத்துக்குச் சந்து ஒன்று கிடந்தது. அதற்குத் தகரம் போட்டுக் கடை ஆக்கினேன். பொக்லைன், கிரேன், ஃபோர்க்லிப்ட், டிப்பர் இவற்றுக்கெல்லாம் எண்ணெய் போகிற ரப்பர் ஹோஸ் வெடித்தால் முன்பு பாரிமுனைக்கு ஓட வேண்டும். அளவெடுத்து வெட்டி, இரண்டு முனையிலும் இரும்பு பிட்டிங் வைத்து நெரித்துக் கொடுக்கிற மிஷினை எங்கள் வரிசையில் முதலில் இறக்கியவன் நான். வெள்ளம் இடுப்பளவு வந்த வருடம் அந்த மிஷினைச் சங்கிலி போட்டுக் கூரைக் குழாயில் தொங்கவிட்டுக் காப்பாற்றியவன் நான். எனக்குப் படிக்கத் தெரியாத இங்கிலீஷில் என் இரண்டு பெண்களும் பட்டம் வாங்கினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஹோஸைத் தடவி, உள்ளே எத்தனை அடுக்குக் கம்பி ஓடுகிறது என்று சொல்வேன். இன்றும் சொல்வேன், வந்து பார்க்கலாம்.

இத்தனையும் நான் சொல்லச் சொல்ல அந்த அம்மா கம்ப்யூட்டரில் அடித்தார். அடித்து முடித்து என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இத யாருனா போன் பண்ணிக் கேட்டாங்களா?"

"இல்ல."

எல்லாவற்றையும் அழித்துவிட்டார்.

அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கல்மண்டபம் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அவர் டெலிபோன் அம்மா. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் பிறந்து வளர்ந்தவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நம்பர் விசாரணைப் பிரிவில் இருந்தவர். ஒருவரின் நம்பர் தெரியவில்லை என்றால் அந்தக் காலத்தில் அந்தப் பிரிவுக்குத்தான் போன் போட்டுக் கேட்போம். காதில் மாட்டிய மிஷினோடு அந்த நாற்காலியில் பாதி ஆயுளைக் கழித்தவர், வேலையை விட்டு வந்த பிறகு கடைகளுக்கு நெட்டில் பக்கம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். செல்லில் தேடுகிறவன் கண்ணில் நம் கடை முதலில் படவேண்டும், அதற்கு வழி செய்வதுதான் அவர் தொழில்.

எப்போதும் தலை இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். ரிசீவரைத் தோளில் இடுக்கியிருப்பது போலவே நடப்பார், டீ குடிப்பார், ஸ்கூட்டரும் ஓட்டுவார். போனை எடுத்தால் ஹலோ கிடையாது. "சொல்லுங்க, இன்னா வேணும்" என்பார். அதற்குப் பிறகு வாயைத் திறக்க மாட்டார். எதிரில் இருப்பவன் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மா மூச்சு விடுகிறாரா என்று எனக்கே சந்தேகம் வரும்.

அவர் எதற்காக என் கடைக்கு வந்தார் என்பதையும் சொல்லவேண்டும். ரோட்டுக்கு நடுவில், மேலே ரயில் ஓடுவதற்குத் தூண்கள் எழும்பின. அதில் ஒன்று சரியாக என் போர்டுக்கு எதிரே. எதிர்ப்பக்கத்து வண்டிகள் திரும்புகிற வழியையும் அடைத்துவிட்டார்கள். மிச்சமிருந்த இடத்தில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. என் வாசலில் எந்நேரமும் ஏதாவது ஒரு கண்டெய்னரின் வயிறுதான் தெரியும். உள்ளே உட்கார்ந்தால் பெட்டியில் போட்டு மூடின மாதிரி இருக்கும். போர்டைப் பார்த்து வந்துகொண்டிருந்த வேலை பாதியாகி, பாதி கால் ஆனது. மிஷினை விற்றுவிட்டு வீட்டில் உட்காரலாமா என்று கூட நினைத்தேன். நான் அப்படி நினைத்தது என் மனைவிக்கே தெரியாது.

கல்மண்டபத்தில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கும் பாய் என் தோஸ்து. அவர்தான் சொன்னார். "நைனா, போர்ட பாத்து வர்ற ஜனம் போயே போச்சு. இப்போ செல்லுல தேடிகினு வர்ற ஜனம். ஒரு அம்மா கீறாங்க, இட்டாரேன். ஆனா ஒண்ணு, அவங்களாண்ட உன் கதைய எடுக்காத."

எடுத்தேன். அழித்தார். அது முதல் நாள்.

அதற்கு முன்பே ஒரு கம்பெனிக்காரன் எனக்குப் பக்கம் ஒன்று செய்து கொடுத்திருந்தான். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவான். கீழே இங்கிலீஷில் நாலு வரி, தரமே எங்கள் தாரக மந்திரம் என்கிற மாதிரி. அந்த அம்மா அதைப் பார்த்தார்.

"இவரு யாரு?"

"படம்மா. கம்பெனில போட்டாங்க."

"கடைக்கு வருவாரா?"

"அவன் எதுக்கு வர்றான்."

"அப்போ இவரு ஊட்டுக்குப் போகட்டும்" என்று வெள்ளைக்காரனை எடுத்துவிட்டார்.

பிறகு மூன்று நாள் என் போன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். எண்ணெய்த் தரையில் காலுக்கடியில் பழைய பேப்பர், மடியில் நோட்டு, கையில் பென்சில். போன் வந்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். கூப்பிட்டவன் சொல்கிற முதல் வாக்கியத்தை எழுத்து மாறாமல் எழுதிக்கொள்வார். "யண்ணே, பொக்லைன் கைய தூக்கினு அப்படியே நின்னுட்ச்சு, எறக்க முடியல." "ஃபோர்க்லிப்ட்டாண்ட ஆயில் பீச்சிகினு அடிக்குது, வண்டி எடுத்தாந்தா போட்டுத் தருவீங்களா?" "பிட்டிங் சைஸ் தெரியல, போட்டோ அனுப்பட்டா?" மூன்று நாளில் ஒருத்தன் கூட முதலாளி யார் என்று கேட்கவில்லை. எத்தனை வருட அனுபவம் என்று கேட்கவில்லை. எனக்கு அது பேஜாராக இருந்தது. அந்த அம்மாவுக்கு அது ரொம்ப சாதாரணம்.

"எக்ஸ்சேஞ்சுல பெரிய புக்கு இருந்துச்சுண்ணே. அதுல பேரு வரிசையா இருக்கும். ஆனா போன் பண்றவங்களாண்ட பேரு இருக்காது, கஷ்டம்தான் இருக்கும். வெரல்ல மோதிரம் மாட்டிகினு கழட்ட முடியல, ராயபுரத்துல யாருனா கீறாங்களான்னு ஒரு அம்மா அழுதுகினே கேட்டுச்சு. அதுக்கு எந்தப் பேர்ல தேடுவ?"

அதற்காக அவர் தனியாக ஒரு நோட்டுப் போட்டு வைத்திருந்தாராம். எந்தக் கஷ்டத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று. மேலதிகாரி திட்டினாராம், கேட்ட பேருக்கு நம்பர் கொடுப்பதுதான் உன் வேலை என்று. இவர் கேட்கவில்லை. நெட்டும் அப்படித்தான் வேலை செய்கிறது என்று தெரிந்த நாளில் தனக்குச் சிரிப்பு வந்தது என்றார்.

நாலாம் நாள் நோட்டைத் திறந்து, "இப்போ நீங்க பேசலாம்ண்ணே. ஆனா கேட்டதுக்கு ஒண்டி பதில்" என்றார். ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். நான் சொன்னேன். தூக்கின கையை எப்படிப் பத்திரமாக இறக்குவது, அடியில் ஆள் நிற்கக்கூடாது, மரக்கட்டை எங்கே முட்டுக் கொடுப்பது. வெடித்த ஹோஸை ஸ்கேல் பக்கத்தில் வைத்து எப்படிப் போட்டோ எடுப்பது. ஊசி முனை அளவு ஓட்டையில் எண்ணெய் கசிந்தால் விரலை வைத்துத் தடவிப் பார்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிடும், காயம் பொட்டு மாதிரிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அதைச் சொல்லும்போது என் இடது கை ஆள்காட்டி விரலைக் காட்டினேன். மேல் பாதி கிடையாது. எப்படிப் போனது என்று கதையை ஆரம்பித்தேன். "கேள்வில அது இல்லண்ணே" என்றார். ஆனால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

பதினோரு கேள்வி, பதினோரு பதில். தமிழிலும் இங்கிலீஷிலும் போட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைக்கு வருகிற வழியைத் தானே நடந்து பார்த்துவிட்டு இன்னொன்றையும் எழுதினார். "வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்ப முடியாது. கூப்பிட்டால் நாங்கள் பைக்கில் வருவோம்."

"ஏம்மா, நம்ம குறைய நம்மளே எழுதுவமா? எவனா வருவானா?"

"வந்து மாட்டிகினு நின்னு உங்கள திட்டிகினே போறவன் மறுபடி வருவானா?"

இன்னொரு நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு எரியும். மணலியிலிருந்து போன். கிரேன் ஒன்று சுமையோடு பாதியில் நிற்கிறது. நான் பேரம் பேச வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா ஸ்பீக்கரில், "தம்பி, எங்களுக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆவும். உங்க பக்கத்துலயே ஒரு கடை கீது, நம்பர் எழுதிக்க" என்று என் எதிரிக் கடையின் நம்பரைச் சொல்லிவிட்டார். என் கடையில், என் போனில்.

"இன்னாம்மா பண்ட்ட" என்றேன்.

"சொம அந்தரத்துல நிக்குதுண்ணே. அவன் கேட்டது யாரு சீக்கிரம் வருவாங்கன்னு."

அந்தக் கடைக்காரன் இன்று வரை பதிலுக்கு ஒருவனையும் என்னிடம் அனுப்பியதில்லை. அதையும் அவரிடம் சொன்னேன். "அவர யாரும் கேட்டிருக்க மாட்டாங்க" என்றார்.

ஆனால் வேலை திரும்பி வந்தது. ஹோஸ் வெடித்துவிட்டது என்று எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ நின்று எவன் தேடினாலும் எங்கள் கடைதான் மேலே வந்தது. தூண் நின்ற இடத்திலேயே நின்றது, டிரெய்லரும் நின்றது, போன் மட்டும் ஓயவில்லை. இரண்டு வேலையாட்களுக்கும் கை நிறைய வேலை. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

என்னால் முடியவில்லை. நெட்டில் எதிரிக் கடைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் எங்களைவிட அதிகம் என்று பார்த்தேன். ஆயுத பூஜை வந்தது. எங்கள் வரிசையில் அன்றைக்கு எல்லாக் கடைக்காரனும் எல்லாக் கடைக்கும் போய்ப் பொரி கடலை வாங்கிக்கொள்வது வழக்கம். நான் மிஷினுக்குச் சந்தனம் பூசி, வாசலில் நின்று, பொரிப் பொட்டலம் வாங்க வந்த ஒவ்வொருவர் செல்லையும் வாங்கினேன். கடை வைஃபையிலேயே இணைத்து, ஐந்து நட்சத்திரம் அழுத்தி, நானே ஒரு வாக்கியம் சொல்லி அடிக்க வைத்தேன். "தனி ஆளாக உழைத்து உயர்ந்த அண்ணன் கடை, ஆசியாவிலேயே சிறந்தது." நாற்பது பேருக்கு மேல். டீக்கடைக்காரர், லாரிக்குப் பூ கட்டுகிறவர், பூஜை போட வந்த பூசாரி, எல்லோரும் அதே வாக்கியம்.

அடுத்த வாரம் கடை நெட்டில் காணோம். கீழே இறங்கியது கூட இல்லை, சுத்தமாகக் காணோம். மேப்பில் என் சந்து மட்டும் இருந்தது, கடை இல்லை. ஒன்பது நாள் போன் அடிக்கவில்லை. அடித்த ஒரே போன் என் மச்சான், பொரி நமுத்துப் போயிருந்தது என்று சொல்ல.

அந்த அம்மா வந்தார். செல்லில் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணே, பூசாரி எந்த மிஷினுக்கு ஹோஸ் வாங்குனாரு?"

நான் மிஷினில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டினேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரே வாக்கியம் நாற்பது தடவை வந்ததால் பொய்க் கடை என்று தூக்கிவிட்டார்கள், கடை நிஜமாகவே இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்றார். ரோட்டில் தொடங்கி, போர்டைக் காட்டி, முதலாளி தன் கையால் ஷட்டரைத் திறந்து, உள்ளே மிஷினையும் லைசென்ஸையும் காட்டுகிற வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பவேண்டும். போர்டில் இருக்கிற பெயரும் பேப்பரில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும்.

"லைசென்ஸ் எடுங்கண்ணே."

"வெள்ளத்துல போச்சும்மா."

என் மனைவி அன்று சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். டிபன் கேரியரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அரை மணியில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு திரும்பி வந்து மேஜை மேல் வைத்தாள். லைசென்ஸ், வரிப் பதிவு, கரண்டு கார்டு. எல்லாம் அவள் பெயரில்.

நடந்தது இதுதான். கடை தொடங்கும்போது மிஷினுக்காகச் சர்க்காரில் ஒரு கடன் திட்டத்தில் எழுதிப் போட்டோம். எட்டாவது பாஸ் செய்திருக்க வேண்டும் என்றார்கள். நான் மூன்று, அவள் எட்டு. அதனால் எல்லாம் அவள் பெயரில் போனது. போர்டை மட்டும் நான் என் பெயரில் எழுதினேன். பிறகு எனக்கே மறந்துவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அந்த அம்மா தலையைச் சாய்த்து என் மனைவியைப் பார்த்தார். "அப்போ மொதலாளி நீங்களா?"

"இத்தினி வருசமா நான்தான்" என்றாள் அவள். "மொதலாளிய டீ போடச் சொன்னாரு. போட்டுகினு இருந்தேன்."

பேப்பரை என் பெயருக்கு மாற்ற மாதக்கணக்கு ஆகும். போர்டை மாற்ற ஒரு நாள் போதும். கடை அதுவரை தாங்காது. தப்பிக்க வேறு வழியே கிடையாது என்று எனக்கும் தெரிந்தது. மறுநாள் பெயிண்டர் வந்து என் பெயரைச் சுரண்டினார். எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன், "இன்னா மாமு, ஊட்டுக்காரம்மாவாண்ட கடைய வித்துட்டியா?" என்றான். "வேலைக்கு ஆள் வெச்சிக்கிறாங்களாமா, கேட்டுச் சொல்லு" என்றான் இன்னொருவன்.

வீடியோவை அந்த அம்மாவே எடுத்தார். முதல் தடவை போர்டுக்கு முன்னால் டிரெய்லர் வந்து நின்றது. இரண்டாம் தடவை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, நான் உள்ளே புகுந்து மிஷினின் மேல் கை வைத்து, மூன்றாம் வகுப்போடு என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் செல்லை இறக்கினார்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் அந்தத் தூணாண்ட நில்லுங்க."

நின்றேன். அங்கிருந்து பார்த்தால் என் கடையின் விளிம்பு மட்டும்தான் தெரியும். என் மனைவி குனிந்து சாவியைப் போட்டாள். கனமான ஷட்டர், எனக்கே மூச்சு வாங்கும். ஒரே இழுப்பில் தூக்கினாள். ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. போனால் மறுபடி முதலிலிருந்து எடுக்கவேண்டும். தூணில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் நான் சும்மா நின்ற நேரம் அது ஒன்றுதான்.

சில நாளில் கடை திரும்ப வந்தது, அவள் பெயரில். நாற்பது பேர் போட்ட வாக்கியம் ஒன்றும் மிச்சமில்லை. போன் மறுபடி அடித்தது. "அம்மா கீறாங்களா?" என்று கேட்கிறார்கள். போனைக் கொடுக்கிறேன்.

அதற்குப் பிறகு அந்த அம்மாவுக்கு முட்டி வலி அதிகமாகி, மகள் ஓசூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். பக்கம் அவர் கணக்கில்தான் இருக்கிறது. ஓர் எழுத்து மாற்றவேண்டும் என்றாலும் அவருக்குத்தான் போன் போடவேண்டும். நான் அறுபத்தெட்டு வயதில், என் கடையில் உட்கார்ந்துகொண்டு, என் பெயரைப் போட ஓசூரைக் கெஞ்சவேண்டும். போன் போட்டால் முதல் பேச்சே, "சொல்லுங்க, போன வாரம் புதுசா இன்னா கேட்டாங்க?" சொல்வேன். எழுதிக்கொள்வார். அப்பால் நான் மெதுவாக என் பெயரை எடுப்பேன். "அத யாரும் கேக்கலியேண்ணே" என்பார். கோபமே இருக்காது. ஏமாற்றவும் தெரியாத மனுஷி. அவரிடம் சண்டை போடுவதற்குப் பிடி எங்கேயும் கிடைக்காது.

போன மாதம் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டிலிருந்து ஒரு கிரேன் ஆபரேட்டர் வந்தான். கையில் ஸ்வீட் பாக்ஸ். ஹோஸில் கசிவு தெரிந்ததாம். விரலால் தடவப் போகுமுன் கடை நம்பருக்காகச் செல்லில் தேடியவன், எங்கள் நெட் பக்கத்தில் படித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டானாம். அருகே கிடந்த அட்டையை அங்கே காட்டிப் பார்த்தால், அட்டையில் ஓட்டை விழுந்ததாம். "அம்மா எழுதலன்னா என் கை போயிருக்கும்" என்று பாக்ஸை என் மனைவி கையில் கொடுத்துக் கும்பிட்டான். நான் பக்கத்தில் நின்று ஹோஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து, "வேலையாளுங்களுக்கும் குடுங்கம்மா" என்றான். என் மனைவி ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

கடையைக் காப்பாற்றியது டெலிபோன் அம்மா என்று தார்ப்பாய்க் கடை பாய் ஊரெல்லாம் சொல்கிறார். என் மனைவியும் சொல்கிறாள். நானும் சொல்கிறேன், எழுதியும் வைக்கிறேன். அப்படிக் காது கொடுத்துக் கேட்கிற ஒருவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. போர்டு என் மனைவி பெயரில் இருக்கட்டும். பேப்பர் அப்படித்தான் இருக்கிறது, ஷட்டரும் அவள் தூக்கியதுதான். ஆசியாவும் வேண்டாம், தனி ஆளும் வேண்டாம். விட்டுவிட்டேன்.

ஆனால் அந்தப் பதினோரு கேள்விகளைத்தான் அந்த அம்மா எழுதினார். பதினோரு பதில்களையும் சொன்னது நான். அதில் ஒரு பதிலுக்கு என் விரலைக் கொடுத்திருக்கிறேன். இதில் ஓர் எழுத்து பொய் என்று ஓசூரிலிருந்து அவர் சொல்லட்டும், இன்றோடு வாயை மூடிக்கொள்கிறேன். அவர் சொல்லமாட்டார். ஆகவே பதில்களுக்கு அடியில், எவ்வளவு சின்ன எழுத்தில் வேண்டுமானாலும் சரி, சொன்னவர் என்று போட்டு என் பெயரைப் போடவேண்டும். யாராவது கேட்டால்தான் போடுவீர்கள் என்றால், அம்மா, இதோ நான் கேட்கிறேன்.